அடுத்த கோச் யாரு? – போங்கப்பு, வேற வேலை இல்லையா!

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபிஸ்ல ஆணி அதிகம். ரிலீஸ், அந்த ரிலீஸ்ல வந்த பக், அந்த பக்கை சரி பண்ணப் போய் வந்த புது பக்னு பொழப்பு ஓடிட்டு இருந்துச்சு. இன்னைக்கு லேப்டாப்பைத் திறந்து எழுத உட்கார்ந்ததுக்கு ஒரே காரணம் கடுப்பு. எனக்கு கடுப்பு வந்தாத்தான் எழுத்து வருது, என்ன செய்ய :)

விஷயத்துக்கு வர்றேன். எங்க ஊரு பாம்பன் பக்கம். விசைப்படகு கடலுக்குப் போகாத நாள்ல சாயங்காலம் டீக்கடை பெஞ்சு நிறைஞ்சிரும். முன்னெல்லாம் அங்க அரசியல், சினிமா, இலங்கை நேவி யாரைப் பிடிச்சான், யாரை விட்டான், இதுதான் பேச்சு. இப்போ அது கூட இன்னொண்ணும் சேர்ந்திருக்கு. கால்பந்து. அதுலயும் ஆட்டத்தைப் பத்தி இல்லீங்க. கோச்சைப் பத்தி!

2025 ஜூலையில சென்னையின் எஃப்சி-ல இருந்து ஓவன் காய்ல் கிளம்பினப்போ நான் ஊர்லதான் இருந்தேன். ஆடி மாசக் கச்சான் காத்து மண்ணை வாரி டீக்குள்ள போட்டுட்டு இருக்கு. அதைத் தட்டி விட்டுட்டு நம்ம பயலுக பேசினதைக் கேக்கணுமே.

"மாப்ள, பிரீமியர் லீக்ல இருந்த எவனையாச்சும் இறக்கணும்டா."

"மச்சான், காய்லையே திரும்பக் கூப்பிடுவாங்க பாரு."

"கூப்பிட்டவனைத்தானடா இப்ப அனுப்பிருக்காய்ங்க!"

"நம்ம ஆளு ஒருத்தனைப் போடுறதுக்கு என்ன கேடு?"

"நம்மாளா? சும்மா இருடா, நம்மாளுக்கு என்ன தெரியும்?"

அந்தக் கடைசி வரிதாங்க. அதுல பத்தின தீ எனக்கு இன்னும் அணையல. அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவை ஊருக்குப் போறப்பவும் இதே கச்சேரி, இதே பாட்டு. சென்னையில ரூம்மேட்டுகளும் இதே. நம்ம பதிவுலக நண்பர்கள் சிலபேரும் இதே ராகம்தான், பேரு சொல்ல மாட்டேன், ஆட்டோ வரும்.

எனக்குத் தெரிஞ்சு இந்தச் சண்டையில நாலு கட்சி இருக்கு. ஒவ்வொண்ணா பாத்துருவோம்.

1. பெரிய பேரு கட்சி

இவங்க சித்தாந்தம் சிம்பிள். டிவில பாத்த மூஞ்சி வேணும். சரி, சென்னையின் கிளப்போட வரலாறே அதுதானே? 2014ல கிளப் ஆரம்பிச்சப்போ யாரு? மார்கோ மாட்டராஸி. 2006 உலகக்கோப்பை ஃபைனல்ல ஸிடான் தலையால முட்டினாரே, அந்த நெஞ்சுக்குச் சொந்தக்காரர். 2015ல கோப்பையும் வாங்கிக் குடுத்தார். மறுக்கல. சென்னை வெள்ளத்துல மூழ்கிக் கிடந்தப்போ, செமிஃபைனலை புனேல போய் ஆடி, கோவாவுல போய் கோவாவையே 3-2ன்னு சாய்ச்ச அந்த டிசம்பர் எனக்கும் மறக்காது. கடைசி நிமிஷத்துல மெண்டோசா அடிச்ச கோலுக்கு நான் போட்ட கத்துல பக்கத்து வீட்டு ஆச்சி எந்திரிச்சு வந்துட்டாங்க.

அடுத்த வருஷம் என்ன ஆச்சு? அதே மாட்டராஸி. எட்டு டீம்ல ஏழாவது இடம்.

சரி, அவரு போனாரு. ஜான் கிரெகோரி வந்தாரு. ஆஸ்டன் வில்லாவை நடத்தின ஆளு. 2018 மார்ச்ல பெங்களூர்லயே வச்சு பெங்களூரை 3-2ன்னு அடிச்சு ரெண்டாவது கோப்பை. மெயில்சன் ஆல்வெஸ் தலையால ரெண்டு. ஆஹா! அடுத்த சீசன், அதே கிரெகோரி, அதே தொப்பி, அதே பேச்சு. பத்து டீம்ல பத்தாவது. மொத்தம் 9 பாயிண்ட்.

இப்ப நான் ஒரு கேள்வி கேக்குறேன். பேருதான் ஜெயிக்க வைக்குதுன்னா, ஒரே பேரு எப்படிய்யா ஒரு வருஷம் முதலாவதும் அடுத்த வருஷம் கடைசியும் வரும்? அந்த மனுஷனுக்கு ஆறு மாசத்துல கால்பந்து மறந்து போச்சா?

மறக்கல. ஜெயிச்ச வருஷம் நடுக்களத்துல நின்ன வியாசர்பாடி தனபால் கணேஷ் அடுத்த சீசன்ல முழங்கால் காயத்தோட வெளிய உக்காந்திருந்தார். டிஃபென்ஸ்ல சுவரா நின்ன செரேனோ கிளம்பிப் போயிட்டார். போனவங்க இடத்துல சரியான ஆளு வரல. இதெல்லாம் டீக்கடையில பேசுறதுக்கு போரடிக்கும். "கோச்சை மாத்துடா"ன்னு சொல்லிட்டா ஒரு வரியில வேலை முடிஞ்சுது.

2. பழைய ஆளைக் கூப்பிடு கட்சி

இது நம்ம ஊர் அரசியல்ல இருந்து வந்த வியாதி. இவங்க துருப்புச் சீட்டு ஓவன் காய்ல். 2019 டிசம்பர்ல வந்தாரு. புள்ளிப் பட்டியல்ல தரையோட தரையாக் கிடந்த டீமை 2020 மார்ச்சுல ஃபைனல் வரைக்கும் தூக்கிட்டுப் போனாரு. கொரோனா பயத்துல ஆளே இல்லாத ஸ்டேடியத்துல ஏடிகே கிட்ட 3-1ன்னு தோத்தோம். இதை நான் ஒத்துக்கிறேன். அதே வீரர்கள், கோச் மட்டும் மாறினார், ஆட்டமே மாறிச்சு. கோச் முக்கியமே இல்லன்னு நான் சொல்ல வரல, அப்படி யாராவது சொன்னா அவன் ஆட்டமே பாக்காதவன்.

ஆனா அதுக்கப்புறம் நடந்ததைப் பாருங்க. அந்த வருஷமே காய்ல் ஜாம்ஷெட்பூருக்குக் கிளம்பிட்டாரு. 15 கோல் அடிச்ச வால்ஸ்கிஸும் அங்கேயே போயிட்டாரு. அங்க போய் 2021-22ல லீக் ஷீல்டையும் தூக்கிட்டாரு மனுஷன். அதாவது நல்ல கோச் கிடைச்சப்போ அவரைப் பிடிச்சு வச்சுக்கத் தெரியல. வீட்ல இருந்த பசுவை வித்துட்டு ஊர்ல பால் வாங்கின கதை.

இங்க என்ன ஆச்சு? அடுத்த மூணு சீசனைச் சொல்றேன், குறிச்சு வச்சுக்கோங்க.

2020-21, சாபா லாஸ்லோ. எட்டாவது இடம், 20 பாயிண்ட்.

2021-22, போசிதார் பாண்டோவிச். எட்டாவது இடம், அதே 20 பாயிண்ட்.

2022-23, தாமஸ் ப்ராடரிச். எட்டாவது இடம்.

ஒருத்தர் ஹங்கேரி, ஒருத்தர் மாண்டினீக்ரோ, ஒருத்தர் ஜெர்மனி. மூணு கோச், மூணு நாடு, மூணு மொழி. ஆனா சொல்லி வச்ச மாதிரி எட்டு, எட்டு, எட்டு! இதைப் பாத்த பிறகும் "அடுத்து எந்த நாட்டுல இருந்து?"ன்னு கேக்குறவன் கிட்ட என்னத்த பேச?

அப்புறம் 2023ல பழைய காய்லையே திரும்பக் கூட்டி வந்தாங்க. முதல் சீசன் ஆறாவது, தட்டுத்தடுமாறி ப்ளே ஆஃப். ரெண்டாவது சீசன் 13 டீம்ல 11வது. 2020ல மந்திரவாதி, 2025ல மக்கு? அதே ஆளுதாங்க. மந்திரம் அவர்கிட்ட மட்டும் இல்லன்னு அர்த்தம்.

எங்க ஊர் பாஷையில சொல்லணும்னா இப்படிச் சொல்லலாம். போட்டுல வலை கிழிஞ்சிருக்கு. எஞ்சின் புகை கக்குது. ஐஸ் பெட்டியில ஓட்டை. ஒவ்வொரு தடவையும் மீன் இல்லாம கரைக்கு வர்றாங்க. சம்மாட்டி என்ன பண்றார்? டிரைவரை மாத்துறார். அடுத்த தடவையும் மீன் இல்ல. மறுபடி டிரைவரை மாத்துறார். கரையில நிக்கிற நாம என்ன பண்றோம்? "அடுத்த டிரைவர் நாகப்பட்டினத்துல இருந்தா, தூத்துக்குடில இருந்தா"ன்னு பட்டிமன்றம் போடுறோம். ஒருத்தனாவது வலையைத் தூக்கிப் பாத்தானா?

3. நம்மாளு கட்சி

இப்ப நான் கொஞ்சம் கவனமா பேசணும். ஏன்னா நானும் இந்தக் கட்சிக்காரன்தான். ஆனா இந்தக் கட்சியில ரெண்டு கோஷ்டி. ஒண்ணு, தமிழன்னா போதும், ஆட்டம் தெரியணும்னு இல்லங்கிற கோஷ்டி. பிகில் படத்தை நாலு தடவை பாத்துட்டு, விசில் ஊதினா ஜெயிச்சிரலாம்னு நம்புற கூட்டம். அவங்களோட எனக்கு ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

நான் சொல்றது வேற. உழைச்சு, படிச்சு, லைசென்ஸ் வாங்கி வந்தவனுக்கு ஒரு முழு சீசன் குடுன்னு சொல்றேன். அவ்வளவுதான்.

சையது சபீர் பாஷா. இந்தியன் வங்கிக்கும் இந்தியாவுக்கும் ஆடினவர். நம்ம சென்னைக்காரர். பல வருஷம் அந்தக் கிளப்ல உதவிப் பயிற்சியாளர். 2022 பிப்ரவரியில கோவா கிட்ட 5-0ன்னு வாங்கிக் கட்டிக்கிட்டு பாண்டோவிச் போனதும் யாரைக் கூப்பிட்டாங்க? இவரை. என்ன பேர்ல? "இடைக்கால". கப்பல் மூழ்கிட்டு இருக்கும்போது, கடைசி சில மேட்சுக்கு, ஒரு வீரரைக்கூட தானா தேர்ந்தெடுக்காதவர் கையில சுக்கானைக் குடுத்துட்டு, சீசன் முடிஞ்சதும் மறுபடி வெளிநாட்டு ஆளு. அப்புறம் "நம்மாளுங்க ஒண்ணும் கிழிக்கல"ன்னு ஒரு தீர்ப்பு. கிழிக்கிறதுக்கு முதல்ல பேப்பரைக் குடுங்கய்யா!

2014ல இருந்து 2025 வரைக்கும் அந்த நாற்காலியில நிரந்தரமா உக்காந்த ஆறு பேரும் ஐரோப்பாக்காரங்க. 2025லதான் கோவாவோட க்ளிஃபோர்ட் மிராண்டா வந்தார், அந்தக் கிளப்போட முதல் நிரந்தர இந்தியப் பயிற்சியாளர். அவர் ஒண்ணும் சும்மா வரல. 2023ல ஒடிஷாவுக்கு இடைக்காலப் பொறுப்புல வந்து சூப்பர் கப்பையே வாங்கிக் குடுத்தவர். அவரை அறிவிச்சப்போ நம்ம டீக்கடை விமர்சனம் என்ன தெரியுமா? "செலவைக் குறைக்கிறாய்ங்கடா." ஒரு இந்தியன் வேலைக்கு வந்தா அது திறமையால இருக்க முடியாது, சிக்கனத்தாலதான் இருக்கணும். இந்த எண்ணத்துக்கு என்ன பேரு வைக்கிறதுன்னு நீங்களே சொல்லுங்க.

காலித் ஜமீலை எடுத்துக்கோங்க. 2017ல மிசோரம் மலைக்கு மேல இருந்த ஐஸ்வால்னு ஒரு சின்ன கிளப்பை ஐ-லீக் சாம்பியன் ஆக்கினார். 2021ல நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை இடைக்காலமா ஏத்துக்கிட்டு ப்ளே ஆஃபுக்குக் கொண்டு போனார், ஐஎஸ்எல்ல அதைச் செஞ்ச முதல் இந்தியர். அப்படியும் அவர் பேரு தேசிய அணிக்கு வர 2025 ஆகஸ்ட் ஆச்சு. அந்த வேலைக்கு 170 விண்ணப்பம் வந்துச்சாம். அதுல ஷாவி பேருலயும் கார்டியோலா பேருலயும் ரெண்டு மெயில்! ஷாவி விண்ணப்பிச்சார்னு நாடே ஒரு நாள் ஆடிப் பாடுச்சு. கடைசியில அதெல்லாம் நிஜம் இல்லன்னு கால்பந்துச் சங்கமே அறிக்கை விட்டுச்சு. அவ்வ்வ்வ்...

சிரிச்சு முடிச்சாச்சா? இப்ப யோசிங்க. ஏன் அந்தப் புரளி அவ்வளவு வேகமா ஓடுச்சு? நாம நம்பத் தயாரா இருந்தோம். பார்சிலோனாவை நடத்தின ஆளு வந்து நம்மளைக் கரை சேப்பார்னு நம்புறது, ஐஸ்வாலை ஜெயிக்க வச்ச ஆளை நம்புறதை விட நமக்கு சுலபமா இருந்துச்சு.

உடனே வருவீங்க, "காலித் வந்து என்ன கிழிச்சார், 2027 ஆசியக் கோப்பைக்கே தகுதி பெறல"ன்னு. ஆமா, பெறல. சிங்கப்பூர் கிட்ட கோவாவுலயே தோத்தோம், டாக்காவுல பங்களாதேஷ் கிட்ட தோத்தோம். வயித்தெரிச்சல்தான். ஆனா அதே தகுதிச் சுற்றுல பங்களாதேஷ் கூட டிரா பண்ணதும், ஹாங்காங் கிட்ட தோத்ததும் யார் காலத்துல? மனோலோ மார்க்வெஸ். 8 மேட்சுல 1 வெற்றி. அவர் தோத்தப்போ "சிஸ்டம் சரியில்ல". இவர் தோத்தப்போ "இந்திய கோச் சரியில்ல". நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

நேரம் குடுக்கிறதைப் பத்தியும் ஒண்ணு. நம்ம பயலுக பாதிப்பேரு மான்செஸ்டர் யுனைடெட் பக்தர்கள். ஃபெர்குசன் படத்தை பூஜை ரூம்ல வைக்காத குறை. அவர் 1986 நவம்பர்ல சேர்ந்தார். முதல் கோப்பை 1990ல. நடுவுல அவரைத் துரத்தச் சொல்லி ஸ்டேடியத்துலயே பேனர் பிடிச்சாங்க. நம்ம டீக்கடைல விட்டிருந்தா 1987 பொங்கலுக்குள்ள ஆளை அனுப்பிருப்போம். 2013ல அவர் போன பிறகு அதே கிளப் மாத்தின கோச்சுகளை எண்ண ரெண்டு கை பத்துமான்னு பாருங்க. ஆறு வருஷ ஒப்பந்தத்தோட வந்த மோயஸ் பத்து மாசம்தான்.

4. விளங்காது கட்சி

இவங்களை விட்ருவோம். எல்லாத்தையும் கிண்டல் பண்ணிட்டு டீக்காசு குடுக்காம போறவங்க.

இப்ப என் அசல் கடுப்புக்கு வர்றேன்.

2025 ஜூலை, ஆகஸ்ட்ல நாம "யாரு கோச்"னு தொண்டை கிழிய கத்திட்டு இருந்தோமே, அப்ப என்ன நடந்துட்டு இருந்துச்சு தெரியுமா? கால்பந்துச் சங்கத்துக்கும் ஐஎஸ்எல்லை நடத்தின கம்பெனிக்கும் இருந்த 15 வருஷ ஒப்பந்தம் 2025 டிசம்பர்ல முடியப் போகுது. புது ஒப்பந்தம் இல்ல. செப்டம்பர்ல ஆரம்பிக்க வேண்டிய லீக் அந்த வருஷம் ஆரம்பிக்கவே இல்ல. ஆகஸ்ட்ல சென்னையின் கிளப்பே முதல் அணியோட வேலையை நிறுத்தி வச்சுச்சு. நவம்பர்ல லீக்கை நடத்துற உரிமைக்கு டெண்டர் விட்டா ஒருத்தன்கூட கேக்க வரல. பூஜ்யம். வீரர்கள், பிசியோ, பஸ் டிரைவர், கிட் மேன் எல்லாரும் அடுத்த மாச வாடகைக்கு என்ன வழின்னு முழிச்சிட்டு இருந்தாங்க.

நாம? மாப்பிள்ளையே வராத கல்யாணத்துல, அடுத்த சமையல்காரன் யாருன்னு சண்டை போட்டுட்டு இருந்தோம்.

இது புதுசும் இல்ல. 2018-19ல ஐ-லீக் சாம்பியன் யாரு? சென்னை சிட்டி எஃப்சி. கோயம்புத்தூர்ல ஆடின டீம். சிங்கப்பூர்ல இருந்து வந்த அக்பர் நவாஸ்னு ஒருத்தர் கோச், பெரிய பேரெல்லாம் கிடையாது, அருமையான ஆட்டம். இப்ப எங்க அந்த டீம்? சாம்பியன் ஆகி சில வருஷத்துல களத்துலயே ஆளைக் காணோம். எந்த கோச் வந்து காப்பாத்திருக்க முடியும்? அப்ப நம்மள்ல எத்தனை பேரு குரல் குடுத்தோம்?

இன்னொண்ணு கேக்குறேன். தமிழ்நாட்டு ஆண்கள் அணி சந்தோஷ் டிராஃபியை இன்னைவரைக்கும் தொட்டது இல்ல. ஆனா நம்ம பெண்கள் 2018லயும் 2023லயும் தேசிய சாம்பியன். நம்ம பக்கத்து மதுரையோட சேது எஃப்சி 2019ல இந்திய மகளிர் லீக்கையே ஜெயிச்சுச்சு. 'சேது'ன்னு பேரு வச்ச டீம் நாட்டுலயே முதலிடம் வந்துச்சு, சேது சீமையில எங்க டீக்கடையில ஒருத்தனுக்கும் தெரியல. அந்த ஜெயிப்புக்குப் பின்னாடி இருந்தது இந்தியப் பயிற்சியாளர்கள்தான். "நம்மாளுக்கு என்ன தெரியும்"னு கேட்டியே மாப்ள, இதுதான்டா தெரியும்!

சரி. ஊருக்கு உபதேசம் பண்ணியாச்சு. இப்ப என் அழுக்கையும் சொல்லிடுறேன். இல்லன்னா இந்தப் பதிவுக்கு யோக்கியதை இல்ல.

2015. நான் பிளஸ் டூ. எங்க ஊருக்குன்னு ஒரு டீம் இருந்துச்சு. கோயிலுக்குப் பின்னாடி மணல்தான் கிரவுண்டு. கருவேல முள்ளு ஏறி வாரத்துக்கு ஒரு பந்து காலி. கோச்னு சொல்லிக்க ஒரு அண்ணன் இருந்தாரு. போட்ல கூலிக்குப் போறவரு. கடலுக்குப் போகாத நாள்ல சாயங்காலம் நாலு மணிக்கு வந்து நிப்பாரு. எங்க யாருக்கும் பூட்ஸ் கிடையாது. மணல்ல எப்படி காலை ஊனணும், காத்து எதிர்ல வர்றப்போ பந்தை ஏன் தரையோட தள்ளணும், எல்லாம் அவர் சொல்லிக் குடுத்ததுதான். காசு ஒத்தப் பைசா வாங்கினது இல்ல. பங்ச்சர் ஒட்டுற காசு அவருதுதான்.

அந்த வருஷம் மாவட்ட அளவுல ஒரு டோர்னமெண்ட். வெளிநாட்டுல இருந்து ஒருத்தர் ஜெர்சிக்குப் பணம் அனுப்பினார். கூடவே ஒரு யோசனையும் அனுப்பினார், "நல்ல கோச்சா ஒருத்தரைப் போடுங்கப்பா". கமிட்டி கூடிச்சு. பெரிய ஊர்ல இருந்து ஒருத்தரைப் பதினஞ்சு நாளைக்கு வரவழைக்கலாம்னு முடிவு. டீம் பசங்க கிட்டயும் கேட்டாங்க, யாருக்கு சம்மதம், கையைத் தூக்குங்கன்னு.

நான் தூக்கினேன். முதல்ல தூக்கின நாலஞ்சு பேர்ல நானும் ஒருத்தன். அந்த அண்ணன் அங்கதான் ஓரமா நின்னுட்டு இருந்தாரு. பாத்தாரு. ஒண்ணும் சொல்லல.

வந்த கோச் டிராக் சூட் போட்டிருந்தார், கழுத்துல விசில், கையில ஒரு போர்டு. எங்களுக்குப் பெருமை தாங்கல. ராமநாதபுரத்துல முதல் மேட்ச். 4-0. தோத்தது நாங்க. அந்த அண்ணன் மேட்ச் பாக்க வந்திருந்தார். பாதி நேரத்துல ஒரு தண்ணி கேனைத் தூக்கிட்டு வந்து எங்களுக்கு ஊத்திக் குடுத்தார். அதுதான் கடைசி. அப்புறம் அவர் கிரவுண்டு பக்கமே வரல. பெரிய ஊர் கோச்சும் காசை வாங்கிட்டுப் போயிட்டார். ரெண்டு வருஷத்துல டீம் கலைஞ்சுது. இப்ப அந்த மணல்ல வலை காயுது.

நான் இன்ஜினியரிங் சேர்ந்தேன், சென்னை வந்தேன், ஓஎம்ஆர்ல வேலை, வார இறுதியில ஐநூறு ரூபா டர்ஃபுல ஆட்டம். அந்த அண்ணனைத் தெருவுல பாத்தா "நல்லாருக்கீங்களாண்ணே"ன்னு கேட்டுட்டு நழுவிருவேன். பத்து வருஷமா.

"நம்மாளுக்கு என்ன தெரியும்"னு டீக்கடையில அவன் சொன்னப்போ எனக்கு ஏன் சுருக்குனு இருந்துச்சுன்னு இப்ப புரியுதா? பதினேழு வயசுல அதையே நான் கையைத் தூக்கிச் சொல்லியிருக்கேன்.

நம்ம கரையில ஆட்டக்காரன் இல்லாம இல்ல. கன்னியாகுமரிக் கரையில இரவிபுத்தன்துறைன்னு ஒரு மீனவ கிராமம். அங்க இருந்துதான் மைக்கேல் சூசைராஜ் ஐஎஸ்எல் வரைக்கும் போனார். தூத்தூர் பக்கம் போய்ப் பாருங்க, ஊருக்கு ஊரு கிளப், வருஷா வருஷம் டோர்னமெண்ட், சின்னப் பயலுகளுக்குச் சொல்லிக் குடுக்க ஆளு. அதே உப்புக் காத்து, அதே மணல், அதே கருவாடு. பாம்பன்லயும் தங்கச்சிமடத்துலயும் மண்டபத்துலயும் பிறந்த பயலுக்கு மட்டும் காலு வேற மாதிரியா இருக்கு? சொல்லிக் குடுக்க ஆளு இல்ல. இருந்த ஆளையும் நாமளே விரட்டினோம். நான் உட்பட.

போன தடவை ஊருக்குப் போனப்போ தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு அவரைப் போய்ப் பாத்தேன். வலை முடிஞ்சிட்டு இருந்தார். பேச்சு ஆரம்பிக்கத் தெரியாம, "அண்ணே, சென்னையின் டீமுக்கு யாரு கோச்சா வரணும்ங்கிறீக?"ன்னு கேட்டேன், லூசு மாதிரி.

ஊசியை நிறுத்தல. "எவன் வந்தா என்னடா தம்பி. இங்க பிள்ளைகளுக்கு சாயங்காலம் பந்துல காத்தடிக்க யாரு இருக்கா, அதைச் சொல்லு."

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னேன். நாங்க பழைய டீம் பசங்க அஞ்சு பேரு, எல்லாரும் இப்ப சம்பாதிக்கிறோம். டி லைசென்ஸ் கோர்ஸுக்கு ஃபீஸ், போக்குவரத்து, கடலுக்குப் போகாத நாளுக்கான கூலி, எல்லாம் நாங்க போடுறோம், நீங்க போங்கண்ணேன்னு. பயிற்சியாளர் ஆகுற படியில அதுதான் அடிப்படி. அதுக்கு மேல சி, பி, ஏ, ப்ரோன்னு ஏணி போகுது. காலித் ஜமீலும் அந்த ஏணியிலதான் ஏறினார்.

சிரிச்சார். "எனக்கு எதுக்குடா இந்த வயசுல. மேலத்தெருவுல ஒரு பிள்ளை இருக்கு. காலேஜ் டீம்ல ஆடுது. லீவுல வந்தா சின்னப் பிள்ளைகளைச் சேத்து வச்சு பந்தை உருட்டிட்டு இருக்கு. அதை அனுப்பு. நான் வேணா கூட நிக்கிறேன்."

எனக்கு அந்தப் பிள்ளை இருக்கிறதே தெரியாது. டீக்கடை பெஞ்சுல இருந்து அந்த மணல் நூறு அடிகூட இல்ல. ஐரோப்பாவுல யாரு யாரு வேலையில்லாம இருக்காங்கன்னு மனப்பாடமாச் சொல்ற பெஞ்சு அது.

அதனால மக்களே, இனிமே எவனாவது "அடுத்த கோச் யாரு"ன்னு ஆரம்பிச்சா, நான் திருப்பிக் கேக்கப் போறது மூணே கேள்வி. வர்றவருக்கு எத்தனை வருஷம் குடுப்பீங்க? அவர் கேக்குற வீரர்களை வாங்கித் தருவீங்களா? செங்கல்பட்டைத் தாண்டி தெக்க, கடலோரத்துல, இந்தக் கிளப்புக்கு என்ன வேலை இருக்கு? இந்த மூணுக்கும் பதில் கிடைச்சா நாற்காலியில யார் உக்காந்தாலும் எனக்குச் சந்தோஷம். பதில் இல்லன்னா கார்டியோலாவே நிஜமா மெயில் போட்டாலும் எட்டாவது இடம்தான்.

நாலாவது ஒரு கேள்வி இருக்கு. அதை கிளப்பைப் பாத்துக் கேக்க முடியாது, நம்மளைப் பாத்துதான் கேக்கணும். உங்க ஊர்ல சாயங்காலம் பந்துல காத்தடிக்கிறது யாரு? பேரு தெரியுமா?

டிஸ்கி 1: நான் மாட்டராஸிக்கோ கிரெகோரிக்கோ காய்லுக்கோ எதிரி இல்ல. அவங்க குடுத்த ரெண்டு கோப்பைக்கும் ஒரு ஃபைனலுக்கும் என் வாழ்நாள் நன்றி. கும்மி அடிக்க வர்றவங்க பதிவை முழுசாப் படிச்சுட்டு வரவும்.

டிஸ்கி 2: அந்தப் பிள்ளை கோர்ஸுக்குப் போக சம்மதிச்சிருச்சு. வீட்லதான் இன்னும் யோசிக்கிறாங்க. அண்ணன் போய்ப் பேசுறேன்னு சொல்லியிருக்கார். பூட்ஸ் வாங்கியாச்சு :)